கண்டித் தேயிலையும் கடித்துக்கொள்ள நல்லவையும்

கண்டிக்கு வரும் விருந்தாளிகளில் பலர் நுவரெலியாத் தேயிலையைக் கேட்டுத்தான் கடைக்குள் நுழைகிறார்கள். குளிர்மலையில் விளைந்தால்தான் உயர்ந்தது என்ற எண்ணம் அவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது. அதை ஊருக்குக் கொண்டுபோய், பால் ஊற்றிக் கொதிக்கவிட்டு, மிளகாய் பஜ்ஜியோடு குடித்துவிட்டு, "இலங்கைத் தேயிலையில் சாரமே இல்லை" என்று சொல்கிறவர்களை நிறையக் கண்டிருக்கிறேன். அந்தத் தேயிலைமேல் பிழை சொல்ல முடியாது. அது மெல்லியது. பாலும் எண்ணெயும் சேர்ந்தால் அதன் வாசம் அமுங்கிப்போகும். அவர்கள் தேடிய சாரம் கண்டியைச் சுற்றியுள்ள நடுமலைச் சரிவுகளில் விளைகிறது. பாலுக்கும் தேங்காய்க்கும் கருப்பட்டிக்கும் ஈடுகொடுத்து நிற்கும் தேயிலை அது. அதை எப்படித் தெரிந்து வாங்குவது, எப்படி ஊற்றுவது, எதைத் தின்றுகொண்டு குடிப்பது என்பதற்காகவே இந்த அத்தியாயம்.

நடுமலைச் சாயம்

இலங்கையில் தேயிலையை முதலில் உயரம் பார்த்துத்தான் பிரிப்பார்கள். கடல்மட்டத்திலிருந்து 2,000 அடிக்குள் விளைவது தாழ்நிலத் தேயிலை. 2,000 முதல் 4,000 அடி வரை நடுநிலம். அதற்கு மேல் உயர்நிலம். தேயிலை வட்டாரங்கள் என்று ஏழைச் சொல்வார்கள்: நுவரெலியா, திம்புளை, ஊவா, உடபுஸ்ஸல்லாவை, கண்டி, சப்ரகமுவ, ருகுணு. இவற்றில் கண்டி வட்டாரம் நடுநிலத்தில் வருகிறது. ஹந்தானை, நில்லம்பை, ஹேவாஹெட்ட, புஸ்ஸல்லாவை, மடுல்கலை, ரங்களை, மாத்தளைப் பக்கத்துச் சரிவுகள் எல்லாம் இதற்குள் அடங்கும். புஸ்ஸல்லாவையையும் உடபுஸ்ஸல்லாவையையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். பெயர் ஒத்திருந்தாலும் பின்னது நுவரெலியாவுக்குக் கிழக்கே உள்ள வேறு வட்டாரம், வேறு சுவை.

உயரம் ஏன் இவ்வளவு முக்கியம்? குளிர் மிகுந்த இடத்தில் கொழுந்து மெதுவாக வளரும். வாசம் கூடும், சாயம் வெளிறும். கீழே இறங்க இறங்க வெயிலும் சூடும் கூடி, கொழுந்து விரைவாக வளர்ந்து, சாயம் கறுத்து, துவர்ப்பு தடித்துவிடும். கண்டி இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. கோப்பையில் ஊற்றினால் செம்பை விளக்கிவைத்தது போன்ற நிறம். வாயில் நிறைந்து நிற்கும் கனம். அதற்குள்ளேயே மேட்டுத் தோட்டங்களின் தேயிலை கொஞ்சம் மென்மையாகவும் பள்ளத்துத் தோட்டங்களின் தேயிலை கனமாகவும் இருக்கும்.

கண்டித் தேயிலைக்கு நல்ல காலம் ஆண்டின் முதல் மூன்று மாதங்கள். மழை ஓய்ந்து, காற்று காய்ந்து, இரவுகள் குளிர்ந்திருக்கும் அந்தப் பருவத்தில் எடுக்கும் கொழுந்துக்கு வேறொரு தெளிவு உண்டு. அது தொழிற்சாலையில் தூளாகி, ஏலத்துக்குப் போய், பொட்டலமாகிக் கடைக்கு வரச் சில வாரம் பிடிக்கும். ஆகவே சித்திரைப் புத்தாண்டை ஒட்டிக் கண்டிக்கு வருகிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

தோட்டத்து மக்கள் தேயிலைத் தொழிற்சாலையை ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள். அங்கே நடப்பதைச் சுருக்கமாகத் தெரிந்துவைத்தால் கடையில் பேசச் சுலபம். கொழுந்தைப் பன்னிரண்டு மணிநேரத்துக்கும் மேலாகக் காற்றில் வாட்டுவார்கள். பிறகு உருட்டுவார்கள். உருட்டும்போது இலை கசங்கிச் சாறு வெளிவந்து காற்றோடு சேர்ந்து சிவக்கும். நிறமும் கனமும் பிறப்பது இந்த இடத்தில்தான். சிவந்தது போதும் என்று கண்டதும் சூடான காற்றில் உலர்த்தி நிறுத்திவிடுவார்கள். கடைசியில் சலித்துத் தரம் பிரிப்பார்கள். நூறு கிலோ பச்சைக் கொழுந்து கொடுத்தால் இருபத்திரண்டு கிலோ அளவுதான் தேயிலை மிஞ்சும்.

இந்த மலையில் எப்படி வந்தது

தேயிலைச் செடி கண்டிப் பக்கம் வந்தது வியாபாரத்துக்காக அல்ல. 1824இல் சீனத்துச் செடிகளையும் 1839இல் அசாம் விதைகளையும் பேராதனைத் தாவரவியல் பூங்காவுக்குக் கொண்டுவந்து ஆராய்ச்சிக்கு வைத்தார்கள். 1841இல் புஸ்ஸல்லாவையின் ரோத்சைல்ட் தோட்டத்தில் வொர்ம்ஸ் சகோதரர்கள் சீனத்துச் செடி நட்டுப் பார்த்தார்கள். அப்போது மலையெங்கும் கோப்பி. தேயிலையை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1867இல், ஸ்கொட்லாந்திலிருந்து இளம் வயதில் வந்த ஜேம்ஸ் டெய்லர், ஹேவாஹெட்டப் பக்கத்து லூல்கந்துர தோட்டத்தில் ஏழாம் நம்பர் மலையில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். இரண்டு ஆண்டில், 1869இல், கோப்பி இலையில் துருநோய் விழுந்து தோட்டம் தோட்டமாக அழிந்தது. டெய்லரின் மலையைப் பார்த்துத்தான் மற்றத் தோட்டங்களும் தேயிலைக்கு மாறின. 1892இல் வயிற்றுக்கடுப்பில் இறந்த அவரைக் கண்டி மஹியாவை மயானத்தில் அடக்கம் செய்தார்கள். நகரத்துக்குள்ளேயே இருக்கும் இடம், போய்ப் பார்க்கலாம்.

டெய்லரின் பெயர் எல்லாப் பொட்டலங்களிலும் புத்தகங்களிலும் இருக்கிறது. அந்த ஏழாம் நம்பர் மலையில் காடு வெட்டி, குழி தோண்டி, செடி வைத்தவர்கள் தமிழர்கள். திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, சேலம், இராமநாதபுரம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கடல் தாண்டி, மன்னாரிலிருந்து காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்து வந்தவர்கள். வழியில் கொள்ளைநோயில் செத்தவர்கள் ஏராளம். கண்டித் தேயிலையைப் பற்றி எழுதும்போது அவர்களை ஒரு வரியில் கடந்துபோக எனக்கு மனமில்லை. சாப்பாட்டைப் பற்றிப் பேசும் இடத்தில் திரும்பவும் அவர்களிடம் வருவேன்.

எந்தத் தரம் எதற்கு

பொட்டலத்தின் மேலிருக்கும் எழுத்துகள் தேயிலையின் உயர்வு தாழ்வைச் சொல்வதில்லை. துணுக்கின் அளவைத்தான் சொல்கின்றன. ஓ.பி. என்பது முறுக்கிய நீள இலை. மெதுவாக ஊறும், சாயம் இளசாக இருக்கும், பால் வேண்டாம். பி.ஓ.பி. உடைந்த இலை. கண்டித் தேயிலையை முதன்முறை வாங்குகிறவர்கள் இதில் தொடங்குங்கள். கனமும் வாசமும் சரிபாதியாகச் சேரும் தரம் இது. வெறும் தேத்தண்ணியாகவும் குடிக்கலாம், பாலும் ஊற்றலாம். பி.ஓ.பி.எஃப். இன்னும் பொடி. பால் தேத்தண்ணிக்கென்றே பிறந்தது. டஸ்ட் என்பது சலித்த கடைசித் தூள். சாயம் சட்டென்று இறங்கும், துவர்ப்பு அடிக்கும். தேத்தண்ணிக் கடைகளில் துணி வடிகட்டியில் ஊறிக்கொண்டிருப்பது பெரும்பாலும் இதுதான்.

இலங்கை தன் தேயிலையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஏற்றுமதி செய்துவிடுகிறது. விளையும் ஊரில் மிஞ்சுவது டஸ்ட். கண்டியில் பிறந்து வளர்ந்த பலர் பக்கத்து மலையின் பி.ஓ.பி. எப்படி மணக்கும் என்று அறியாமலே வாழ்நாளைக் கழித்துவிடுகிறார்கள். எனக்கு இது பெரிய வருத்தம். கண்டியில் இருக்கும் வாசகர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்: மாதத்தில் ஒரு பொட்டலமாவது நல்ல இலை வாங்குங்கள்.

ஊற்றும் முறை

தமிழ்நாட்டு வாசகர்கள் முதலில் ஒரு பழக்கத்தை விட வேண்டும். தூளைப் பாலோடு சேர்த்து அடுப்பில் கொதிக்கவிடுவது குருணைத் தேயிலைக்குச் சரி. கண்டித் தேயிலை பெரும்பாலும் பழைய உருட்டு முறையில் செய்தது. அதைக் கொதிக்கவிட்டால் வாசம் ஆவியாகப் போய்த் துவர்ப்பு மட்டும் மிஞ்சும். தண்ணீரை நன்றாகக் கொதிக்கவிட்டு, அடுப்பிலிருந்து இறக்கிய கையோடு தூளின் மேல் ஊற்றி மூடுங்கள். 200 மில்லிலீட்டர் கோப்பைக்கு ஒரு தேக்கரண்டி, அதாவது இரண்டு முதல் இரண்டரை கிராம். பி.ஓ.பி.எஃப். என்றால் மூன்று நிமிடம், பி.ஓ.பி. நான்கு, ஓ.பி. ஐந்து. நேரமானதும் வடித்துவிட வேண்டும். ஊறவிட்டு மறந்தால் நல்ல தேயிலையும் கைத்துப்போகும். தேயிலை சுவைப்பவர்களுக்கான சர்வதேச முறையில் 100 மில்லிலீட்டருக்கு இரண்டு கிராம் போட்டு ஆறு நிமிடம் ஊறவைப்பார்கள். அது குற்றம் கண்டுபிடிப்பதற்கான அளவு. குடிப்பதற்கு அதைப் பின்பற்ற வேண்டாம்.

தண்ணீர் பாதி வேலை செய்கிறது. மகாவலி ஆற்றுத் தண்ணீர் மென்மையானது, அதனால் கண்டியில் குடிக்கும்போது சாயம் பளிச்சென்று இருக்கும். அதே பொட்டலத்தை யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக் கிணற்று நீரிலோ சென்னையின் ஆழ்குழாய் நீரிலோ போட்டால் மேலே ஆடை படிந்து நிறம் மங்கிவிடும். வடிகட்டிச் சுத்திகரித்த நீரை அளவாகப் பயன்படுத்துங்கள்.

பால் ஊற்றுவதென்றால் தூளை ஒரு சிட்டிகை கூட்டுங்கள். பாலின் புரதம் தேயிலையின் துவர்ப்பைப் பற்றிக்கொண்டு மட்டுப்படுத்தும். சாயம் கனமாக இல்லாவிட்டால் பால்தான் மிஞ்சும். இலங்கைக் கடைகளில் பால்மாவைக் கரைத்து நுரை பொங்க ஆற்றித் தருவார்கள். எனக்கு அதைவிடக் காய்ச்சிய பசும்பால்தான் பிடிக்கும். பால்மாவில் ஒரு தனித் தித்திப்பு உண்டு, அது கண்டித் தேயிலையின் வாசத்தை மூடுகிறது. ஏலமும் கறுவாவும் போடுவதை டஸ்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பருவத்துப் பி.ஓ.பி.யில் அவற்றைப் போடுவது வீண்.

எதைக் கடித்துக்கொள்வது

இத்தாலிக்காரர்களிடம் இந்த விஷயத்தில் கற்றுக்கொள்ள ஒன்று உண்டு. சார்டினியாத் தீவின் வடக்கே கருங்கல் மண்ணில் விளையும் வெர்மென்டினோ வெள்ளை வைனை அந்தக் கரையில் பிடித்த மீனோடும் சிப்பியோடும் குடிக்கிறார்கள். சிசிலித் தீவில் எட்னா எரிமலைச் சரிவின் வெள்ளை வைனுக்கும் அப்படியே பக்கத்து ஊர்ச் சமையல் துணை. குடிப்பது எந்த மண்ணில் விளைந்ததோ, தின்பதையும் அந்த மண்ணிலேயே முதலில் தேடுகிறார்கள். அங்கே வைனுக்கு அந்த ஊர்ப் பெயரைப் போட உயரமும் மண்ணும் திராட்சை வகையும் சட்டத்தில் எழுதப்பட்டிருக்கின்றன. எட்னாவுக்கு அந்த அங்கீகாரம் 1968இல் வந்தது, வடசார்டினியாவின் வெர்மென்டினோவுக்கு மிக உயர்ந்த படி 1996இல் கிடைத்தது. கண்டித் தேயிலையையும் நாம் அதே மரியாதையோடு நடத்தலாம். கண்டி கடற்கரை ஊர் இல்லை. இங்கே மண்ணில் இருப்பவை கித்துள், தேங்காய், பலா, மரவள்ளி, அரிசிமா, பால். அவற்றிலிருந்தே தொடங்குவோம்.

முதல் இடம் கித்துள் கருப்பட்டிக்கு. சீனி போடாத வெறும் தேத்தண்ணி, அதாவது பிளேன்டீ ஒரு கோப்பை. கையில் ஒரு துண்டு கருப்பட்டி. ஒரு கடி, ஒரு மிடறு. கண்டிச் சிங்களக் கிராமங்களிலும் தோட்டங்களிலும் நெடுங்காலமாக இருக்கும் பழக்கம் இது. கருப்பட்டி இல்லாத நாளில் உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டு குடிப்பார்கள். கருப்பட்டியைத் தேத்தண்ணிக்குள் கரைத்துவிடக் கூடாது. கரைத்தால் இரண்டின் சுவையும் கலங்கிவிடும். வாயில் கருப்பட்டியின் புகைவாசமும் லேசான உப்பும் இருக்கும்போது கண்டிச் சாயத்தின் துவர்ப்பு வந்து அதைக் கழுவுகிறது. அடுத்த கடிக்கு வாய் புதிதாகிறது. நுவரெலியாத் தேயிலை இந்தக் கருப்பட்டிக்கு முன் நிற்காது. எத்தனை வட்டாரத் தேயிலையோடு பார்த்தாலும் கண்டி பி.ஓ.பி.க்கும் கித்துளுக்கும் உள்ள பொருத்தம் வேறெங்கும் கிடைப்பதில்லை என்பது என் தீர்ப்பு.

கித்துள் கண்டியின் பழைய குடி. கண்டி அரசில் 1660 முதல் 1679 வரை சிறைப்பட்டிருந்த ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர் 1681இல் வெளியிட்ட நூலில் இந்த மரத்தையும் அதன் இனிய பதநீரையும் விவரித்திருக்கிறார். டெய்லர் தேயிலை நடுவதற்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டுக்கு முந்திய செய்தி அது. மரத்தில் ஏறிப் பாளையைச் சீவிக் காலையும் மாலையும் பதநீர் இறக்குவார்கள். புளித்துக் கள்ளாகிவிடாமல் இருக்க முட்டியில் ஹல் என்ற மரத்தின் பட்டையைப் போடுவார்கள். காய்ச்சினால் முதலில் பாணி, மேலும் இறுக்கினால் கருப்பட்டி. சிரட்டையில் ஊற்றி ஆறவிடுவதால் அரைவட்ட உருவம் வரும். சந்தையில் கலப்படம் மிகுதி, சீனியைக் காய்ச்சி நிறமேற்றி விற்பார்கள். நல்ல கித்துள் கருப்பட்டி கரும்பழுப்பாக, விரலால் அழுத்தினால் கொஞ்சம் விட்டுக்கொடுப்பதாக, முகர்ந்தால் புகை மணப்பதாக இருக்கும். கல்லுப்போல் இறுகி, உடைத்த இடத்தில் சீனிப் பருக்கை மின்னினால் வாங்காதீர்கள். சுவைத்துப் பார்க்கத் தராத கடையைக் கடந்து போய்விடுங்கள்.

கித்துள் பாணி ஊற்றிய எருமைத் தயிரோடு தேத்தண்ணி குடிக்காதீர்கள். தயிரின் புளிப்பும் தேயிலையின் துவர்ப்பும் சண்டை பிடிக்கும். அரைமணி நேரம் விட்டுக் குடிக்கலாம். அதே கித்துள் கருப்பட்டியில் செய்த வட்டிலப்பம் வேறு கதை. அக்குறணைப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் புரியாணிக்குப் பிறகு வட்டிலப்பமும் இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீயும் வரும். தேங்காய்ப்பால், முட்டை, ஏலம், கருப்பட்டி எல்லாம் சேர்ந்த அந்தக் கொழுப்பைத் தாங்க இஞ்சியும் கனத்த சாயமும் சேர்ந்தால்தான் முடியும். பால் ஊற்றினால் கெட்டுவிடும்.

அடுத்தது ரொட்டி. கொழுந்து எடுப்பவர்களின் சாப்பாடு. கோதுமைமாவில் தேங்காய்ப்பூவும் உப்பும் சேர்த்துத் தடிப்பாகத் தட்டி, கல்லில் போட்டுச் சுட்ட ரொட்டி. தொட்டுக்கொள்ளக் கட்டைச் சம்பல்: செத்தல் மிளகாய், வெங்காயம், உப்பு, கையில் இருந்தால் கொஞ்சம் மாசி, அம்மியில் வைத்து அரைத்தது. விடியும் முன் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில் சுட்டு, பெரட்டு என்ற காலை ஆள்கணக்குக்குப் போகும்போது கட்டி எடுத்துக்கொண்டு, மலையில் நின்று தின்னும் சாப்பாடு இது. காரம் நாக்கைச் சுடும்போது சுடச்சுடப் பிளேன்டீ குடித்தால் எரிவு இன்னும் கூடும். பால்தேத்தண்ணி குடித்தால் பாலின் புரதம் காரத்தைப் பிடித்து இறக்கும். ஆகவே ரொட்டிக்கும் கட்டைச் சம்பலுக்கும் பி.ஓ.பி.எஃப். போட்ட கனத்த பால்தேத்தண்ணிதான் சேர்மானம். சாயம் கனமாக இருப்பதால் சம்பலின் வெங்காய வாசம்கூட அதை மீறுவதில்லை.

லயங்களில் பெரும்பாலும் அதைப் பால் இல்லாமல்தான் குடித்தார்கள், குடிக்கிறார்கள். 1948ஆம் ஆண்டுச் சட்டம் அந்த மக்களைக் குடியுரிமை அற்றவர்களாக்கியது. உலகம் குடித்த தேயிலையைப் பறித்தவர்களுக்குப் பால் வாங்கக் கூலி போதவில்லை. அவர்களில் பெண்களிடம் இரத்தசோகை மிகுதி என்பது நீண்டநாள் தெரிந்த உண்மை. இதில் நம் எல்லோருக்குமான ஒரு குறிப்பும் இருக்கிறது: கீரை, பருப்பு, தானியத்திலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தேயிலையின் துவர்ப்பு தடுக்கும். முழுச் சாப்பாட்டோடு தேத்தண்ணியைக் குடிக்காமல் ஒரு மணிநேரம் தள்ளிக் குடியுங்கள். கர்ப்பிணிகளும் வளரும் பிள்ளைகளும் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

மரவள்ளிக்கிழங்கும் இந்த வரிசையில்தான். மஞ்சளும் உப்பும் போட்டு அவித்து, மேலே தேங்காய்ப்பூவைத் தூவி, பிளேன்டீயோடு தின்பது மழைநாள் மாலைக்கு ஏற்றது. பலாக்கொட்டையைச் சுட்டும் தின்னலாம். கிழங்கும் கொட்டையும் மாவுத்தன்மையால் வாயில் ஒட்டும். துவர்ப்புள்ள சாயம் அதை அறுத்து இறக்கும். இரண்டுமே கண்டிக் கடைகளில் எளிதில் கிடைக்காது. வீட்டுக்கு அழைக்கும் நண்பர் இருந்தால் வெட்கப்படாமல் கேளுங்கள்.

கடையில் கிடைப்பவற்றில் முதலில் ஹெல போஜுன் கடைகளைச் சொல்வேன். விவசாயத் திணைக்களத்தின் ஏற்பாட்டில் கிராமத்துப் பெண்கள் நேரில் சமைத்து விற்கும் இடங்கள். பேராதனைக்கு அருகே கன்னொறுவையில் ஒன்று இருக்கிறது. அங்கே லவரியா கேளுங்கள். இடியப்பத்துக்குள் தேங்காய்ப்பூவும் பாணியும் வைத்து மடித்து அவித்தது. குரக்கன் மாவில் செய்து இலையில் மடித்து அவித்த ஹெலப்பவும் நல்லது. இரண்டுக்கும் சீனியில்லாப் பிளேன்டீ. பேராதனைப் பூங்காவைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் பின்னேரம் போவது வசதி, நல்லவை சீக்கிரம் தீர்ந்துவிடும்.

சித்திரையில் வந்தால் கவும், கொக்கீஸ், அலுவா, தொதல் என்ற பலகாரங்கள் எல்லாம் வீடுதோறும் இருக்கும். எண்ணெயில் பொரித்த கொக்கீஸுக்கு ஓ.பி.கூடப் போதும், அதில் இனிப்பு இல்லை. பாணி ஊறிய கவுமுக்கும் தொதலுக்கும் பி.ஓ.பி. வேண்டும். சரியாக அந்த வாரங்களில்தான் பருவத்துத் தேயிலையும் கடைக்கு வந்திருக்கும்.

மணிக்கூட்டுக் கோபுரத்தைச் சுற்றியுள்ள கடைகளில் ரோல்ஸ், பட்டிஸ், கட்லட், மீன் பணிஸ் தட்டுத் தட்டாக மேசைக்கு வரும். தின்றதற்கு மட்டும் காசு கொடுத்தால் போதும். மீன் சேர்ந்தவற்றுக்குப் பால் ஊற்றாதீர்கள், எலுமிச்சை பிழிந்த பிளேன்டீ மீன் வாடையை எடுக்கும். மரக்கறி ரொட்டிக்கும் பருப்பு வடைக்கும் பால்தேத்தண்ணி. பட்டர் கேக், பிஸ்கட் போன்றவை எதோடும் ஒத்துப்போகும், அவற்றைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. முந்திரியும் பன்னீரும் மணக்கும் லவ் கேக்குக்கு மட்டும் ஓ.பி. ஊற்றுங்கள். கனத்த சாயம் பன்னீர் வாசத்தைக் கொன்றுவிடும்.

எங்கே வாங்குவது, எங்கே பார்ப்பது

பொட்டலத்தில் இலங்கைத் தேயிலைச் சபையின் சிங்க முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். முழுக்க இலங்கையில் விளைந்து இலங்கையிலேயே பொதி செய்த தேயிலைக்குத்தான் அதைப் பயன்படுத்த முடியும். அதோடு கண்டி என்ற வட்டாரப் பெயரும், தரமும், பொதி செய்த தேதியும் இருக்க வேண்டும். மரப்பெட்டியின் அழகுக்குக் காசு கொடுக்காதீர்கள். காற்றுப் புகாத தகடுப் பை போதும். மாத்தளை வழியில் வாசனைத் திரவியம் வாங்குகிறவர்கள் அதைத் தேயிலையோடு ஒரே பையில் வைக்கக் கூடாது. தேயிலை பக்கத்திலிருக்கும் எந்த வாசத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். கிராம்பு மணக்கும் பி.ஓ.பி.யை ஒன்றும் செய்ய முடியாது.

செய்முறையை நேரில் பார்க்கப் பிலிமத்தலாவைப் பக்கத்துக் கிரகம தொழிற்சாலை வசதி. பழைய இயந்திரங்களைப் பார்க்க ஹந்தானையில் உள்ள தேயிலை அருங்காட்சியகம். 1925இல் கட்டிய தொழிற்சாலையைப் புதுப்பித்து 2001இல் திறந்தார்கள். நகரத்திலிருந்து ஆஸ்பத்திரியைத் தாண்டி ஹந்தானை வீதியில் ஓட்டோவில் ஏறிவிடலாம். டெய்லர் பயன்படுத்திய பொருட்களும் உள்ளே இருக்கின்றன. மேல்மாடியில் ஒரு கோப்பை வாங்கிக்கொண்டு மலையைப் பார்த்துக் குடியுங்கள். நாள் முழுவதையும் ஒதுக்க முடிகிறவர்கள் கலஹா, தெல்தோட்டை வழியாக லூல்கந்துரவுக்கே போகலாம். டெய்லரின் குடிலில் எஞ்சிய புகைபோக்கியும் அவர் உட்கார்ந்ததாகச் சொல்லும் கல்லிருக்கையும் அங்கே உண்டு. பாதை குறுகலானது, மழை மாதங்களில் வேண்டாம்.

இவற்றோடு ஒரு காலையைக் கம்பளைப் பக்கத்துக்கும் ஒதுக்குங்கள் என்று தமிழ் வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அங்கே ஓல்ட் பீக்கொக் தோட்டத்தில், பழைய லய அறைகளிலேயே, தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் இருக்கிறது. கண்டியில் இயங்கும் சமூக அபிவிருத்தி நிறுவனம் 2007இல் அமைத்தது. நம் மக்கள் கடல் தாண்டி வந்தபோது கொண்டுவந்த பாத்திரங்களும் கருவிகளும் ஆவணங்களும் அங்கே பத்திரமாக இருக்கின்றன. பெரிய அருங்காட்சியகங்களுக்கு வரும் கூட்டம் இங்கே வருவதில்லை. புறப்படும் முன் திறந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போங்கள், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.